ஆடித் தள்ளுபடியா, உதவித்தொகையா?

கேள்வி: ஐயா, நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவி சென்னிமலையில் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெட்ஷீட் நெய்கிறார். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான். இப்போது பிளஸ் டூ, கணிதப் பிரிவு, தமிழ் வழி. 'சஸ்டெய்னபிள் ஃபேஷன் டிசைன்தான் படிப்பேன்', அதாவது சூழலைக் கெடுக்காத ஆடை வடிவமைப்பு, என்கிறாள். நாங்கள் பி.சி.; ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள். ஒரு தனியார் டிசைன் நிறுவனம் 50 சதவீதம் ஸ்காலர்ஷிப் தருவதாகவும், இந்த வாரத்துக்குள் 25,000 ரூபாய் கட்டி இடத்தை உறுதிசெய்யும்படியும் தினமும் போன் செய்கிறது. கட்டலாமா? இந்தப் படிப்புக்கென்று வேறு உதவித்தொகை உண்டா? திருப்பூரிலேயே நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்லூரி இருக்கிறதே, அதில் சேர்க்கலாமா?

பதில்: கட்ட வேண்டாம். உதவித்தொகை கொடுப்பவர்கள் யாரும் 'இந்த வாரத்துக்குள் பணம் கட்டு' என்று துரத்துவதில்லை. கட்டணத்தை ஏற்றி வைத்துவிட்டுப் பாதியாகக் குறைத்துக் காட்டுவதற்குப் பெயர் ஆடித் தள்ளுபடி. அடுத்த முறை போன் வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்? 'இது டிப்ளமோ, ஆனால் இன்டர்நேஷனல்' என்பது போலப் பதில் வந்தால் போனை வைத்துவிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இளநிலையில் 'சஸ்டெய்னபிள் ஃபேஷன்' என்ற பெயரைப் போட்டு உதவித்தொகை தேடினால் கிடைப்பதில் பாதி விளம்பரமாகத்தான் இருக்கும். இந்தக் கட்டத்தில் பாடத்தின் பெயரைப் பார்த்து யாரும் பணம் தருவதில்லை. எந்தக் கல்லூரி, என்ன பட்டம், வீட்டு நிலவரம் என்ன என்று பார்த்துத்தான் தருகிறார்கள். சஸ்டெய்னபிள் என்ற சொல்லுக்கு மதிப்பு வருவதெல்லாம் முதுநிலையிலும் வடிவமைப்புப் போட்டிகளிலும்தான்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது உங்கள் மனைவியின் தறி. நீங்கள் அதை ஒரு தகவலாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். கைத்தறி நெசவாளர்களின் பிள்ளைகள், குடும்பத்துக்கு இரண்டு பேர் வரை, அரசு அங்கீகாரம் பெற்ற ஜவுளிக் கல்வி நிறுவனங்களில் டிப்ளமோவோ பட்டமோ படிக்க மத்திய அரசின் தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. நெய்பவர் மட்டுமில்லை, பாவு ஓட்டுபவர், தார் சுற்றுபவர் போன்ற துணைத் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். ஜவுளிப் படிப்புக்கென்றே இருக்கும் பணம் இது. ஆனால் நெசவாளர் வீடுகளிலேயே பலர் கேள்விப்பட்டதில்லை. நெய்வது விசைத்தறியாக இருந்தால் கிடையாது. கைத்தறியாக இருக்க வேண்டும். உங்கள் மனைவியின் பெயரில் நெசவாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும். சங்கத்தின் பேரேட்டில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. சேலத்தில் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை, அட்டையை எடுத்துக்கொண்டு நேரில் போய், மகள் சேரப்போகும் படிப்பு கணக்கில் வருமா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது அரசுப் பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் தமிழ்நாடு அரசே கட்டும். பி.டெக். ஜவுளித் தொழில்நுட்பம், பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி இரண்டும் பொறியியல் கலந்தாய்வில்தான் வருகின்றன. கோவை, சத்தியமங்கலம் பக்கத்துத் தனியார் கல்லூரிகள் சிலவற்றில் இவை இருக்கின்றன. மகள் கணிதப் பிரிவு என்பதால் இந்த வழி திறந்தே இருக்கிறது. ஒதுக்கீட்டில் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் சேர்ந்தாலும், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கட்டணத்தில் 25,000 ரூபாய் சலுகை உண்டு. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகையில் தேர்வாகும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம். பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் எடுத்தால் இந்த மூன்றும் வராது. பாடம் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்றாலும் பட்டத்தின் பெயர் மாறினால் பணமும் போய்விடும். புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் எந்தப் பட்டம் எடுத்தாலும் வரும். பஸ் செலவுக்கு ஆகும்.

நிஃப்ட் பற்றிப் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. திருப்பூர் முதலிபாளையத்தில் இருக்கும் நிஃப்ட்-டீ கல்லூரி பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் நிஃப்ட் வேறு. அதற்குத் தமிழ்நாட்டில் வளாகம் சென்னை தரமணியில். அங்கே பின்னலாடை வடிவமைப்பிலேயே நான்காண்டு பி.டெஸ்., அதாவது வடிவமைப்பில் இளநிலைப் பட்டம், இருக்கிறது. விண்ணப்பம் ஆண்டு இறுதியில், தேர்வு பிப்ரவரியில். அரையாண்டுத் தேர்வைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டால் தேதி போய்விடும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ் வழி மாணவிக்கு அது ஒரு சுவர், ஏறிவிடலாம். இரண்டாம் கட்டத்தில் கையில் பொருள்களைக் கொடுத்து ஏதாவது செய்யச் சொல்வார்கள். கட்டிங் மாஸ்டர் மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்?

கட்டணம் ஆண்டுக்கு மூன்று லட்சத்தை ஒட்டி வரும் என்பதால் மலைத்துவிடாதீர்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நிஃப்டே கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் சார்த்தக் திட்டம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி. போன்ற முதன்மை நிறுவனங்களில் சேர்பவர்களின் இளநிலைச் செலவைத் தமிழ்நாடு அரசு ஏற்கும் திட்டமும் உண்டு. அந்த ஆண்டுப் பட்டியலில் நிஃப்ட் இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இதைப் படிக்கும் எஸ்.சி. மாணவர்கள் மத்திய அரசின் டாப் கிளாஸ் உதவித்தொகையைப் பாருங்கள். பட்டியலில் உள்ள நிறுவனங்களில் நிஃப்ட் உண்டு. வருமான வரம்பு 8 லட்சம். கல்விக் கட்டணம் போக முதல் ஆண்டு 86,000, பிறகு ஆண்டுக்கு 41,000 ரூபாய் தங்கவும் புத்தகம், கணினி வாங்கவும் தருகிறார்கள். ஒரே கட்டணத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது என்பதை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள்.

நான் எதைச் செய்வேன் என்று கேட்டால், நிஃப்ட், பொறியியல் கலந்தாய்வு இரண்டுக்கும் விண்ணப்பிப்பேன். நிஃப்ட் கிடைத்து, மேலே சொன்னவற்றில் ஒன்றாவது உறுதியானால் அங்கே, இல்லையென்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பி.டெக். கடன் வாங்கி நிஃப்ட் போவது எனக்குக் கடைசி யோசனைதான்.

உங்கள் மகளின் சஸ்டெய்னபிள் ஆசைக்கு இப்போதே தீனி போடுங்கள். ஒரு லே (அடுக்கி விரித்த துணி) வெட்டி முடித்ததும் மேஜைக்குக் கீழே விழும் கழுத்து வட்டம், கை வளைவு, ஓரத் துண்டு ஆகியவற்றைத் தனித்தனியாக எடை போட்டு எழுதச் சொல்லுங்கள். எத்தனை கிலோ துணி விரித்தீர்கள், எத்தனை கிலோ கட்டிங் வேஸ்ட்டாகப் போனது? மார்க்கரில் (வெட்டுவதற்கான வரைபடத்தில்) பாகங்களை மாற்றி வைத்தால் எவ்வளவு குறைகிறது? கலர் வேஸ்ட் எந்த விலைக்குப் போகிறது, அது திரும்ப நூலாகும் ஓ.இ. மில் எங்கே இருக்கிறது? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். படமும் எண்ணும் கலந்த அந்த நோட்டுதான் நாளைக்கு அவளுடைய போர்ட்ஃபோலியோ, அதாவது படைப்புத் தொகுப்பு. ஹாங்காங்கின் ரெட்ரெஸ் அமைப்பு 2011 முதல் நடத்திவரும் போட்டியில் கேட்பதே இதைத்தான்: துணி வீணாகாத வெட்டு, கழிவிலிருந்து புது ஆடை, பழைய ஆடையைப் பிரித்துத் தைப்பது. நொய்யலில் சாயம் ஓடியதையும், 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பார்த்த ஊர் உங்களுடையது. இணையத்தில் படித்துவிட்டு எழுதும் பிள்ளைகளிடம் இந்த அனுபவம் இருக்காது.

வெளிநாட்டு முதுநிலை பற்றி இப்போது கவலை வேண்டாம். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸில் தேர்வானால் மாதம் 1,400 யூரோ. ஜே.என். டாடா அறக்கட்டளை தருவதன் பெயரில் ஸ்காலர்ஷிப் இருந்தாலும் அது திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது காகித வேலை. பள்ளிக்குக் கொடுத்த பி.சி. சான்றிதழ் மத்திய நிறுவனத்துக்குச் செல்லாது. இ-சேவை மையத்தில் மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். வருமானச் சான்றும் புதிதாக எடுங்கள். அப்புறம் மகளின் வங்கிக் கணக்கு. போன வருடம் என்னிடம் வந்த ஒரு மாணவிக்கு உதவித்தொகை ஒதுக்கீடாகியும் மாதக்கணக்கில் பணம் வரவில்லை. கணக்கு இருந்தது, ஆதாரும் கொடுத்திருந்தார். ஆனால் அரசுப் பணம் வருவதற்கான ஆதார் இணைப்பு வேறொரு பழைய கணக்கில் இருந்தது. வங்கிக்குப் போய் 'ஆதார் சீடிங் எந்தக் கணக்கில் இருக்கிறது' என்று அதே வார்த்தையில் கேளுங்கள். ஆதாரில் மகள் பெயருக்கு முன்னால் இருக்கும் இனிஷியல், மதிப்பெண் பட்டியலில் பின்னால் இருந்தால் அதையும் இப்போதே திருத்திவிடுங்கள்.