அண்ணாச்சி பதில்கள்: அரண்மனையில் பிள்ளைக்கு எதைக் காட்டுவது?

அண்ணாச்சி, நாலாம் வகுப்பு படிக்கும் மகளைக் காலாண்டு லீவில் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். மார்த்தாண்ட வர்மா, குளச்சல் போர் எல்லாம் முன்னாலேயே படித்து வைத்துக்கொண்டு போய்ச் சொல்லிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் "எப்பம்மா வீட்டுக்குப் போலாம்" என்று ஆரம்பித்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதிலெல்லாம் நாட்டமே கிடையாதா?
— வாசகி, மார்த்தாண்டம்

தங்கச்சி, லீவு விட்ட பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வரலாற்றுப் பாடம் எடுத்திருக்கிறீர்கள், அவள் வேறென்ன கேட்பாள்? ராஜாவைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். அது ஒரு வீடு. பெரிய வீடு, அவ்வளவுதான். எங்கே சமைத்தார்கள், எங்கே சாப்பிட்டார்கள், எங்கே குளித்தார்கள், மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும், இதைத்தான் பிள்ளைகள் கேட்கும். நாம்தான் அதற்குப் பதில் சொல்லாமல் ஆண்டுக்கணக்கை ஒப்பித்துக்கொண்டு நடப்போம்.

நுழைந்ததும் பூமுகம். அங்கே மேலே பாருங்கள், மர மச்சில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பார்கள். சரியா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள், கழுத்து வலிக்கும் வரை பார்ப்பாள். அதே இடத்தில் தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்குமாம், தொட விடமாட்டார்கள், ஆனால் எப்படி நிற்கும் என்று யோசிக்கவா தடை? அப்புறம் அந்தக் கறுப்புத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று சொல்வார்கள். சிரட்டை நம் வீட்டு அடுப்படியில் கிடக்கும் சாமான்தானே, அதில் முகம் தெரிகிற தரையா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம் என்பதால் அந்தக் குளிர்ச்சி நேராகக் காலுக்கு வரும். அதைவிடப் பாடம் வேண்டுமா?

சாப்பாட்டுக் கூடமான ஊட்டுபுரைக்குப் போனால் அங்கேயே நில்லுங்கள், அவசரப்படாதீர்கள். கீழே ஆயிரம், மேலே ஆயிரம் என்று ஒரே நேரத்தில் 2,000 பேருக்கு இலை போடலாம் என்று கணக்கு. ஊறுகாய் வைத்த பெரிய பெரிய பரணிகள் இன்னும் இருக்கின்றன. 2,000 பேருக்கு அவியல் என்றால் எத்தனை தேங்காய் துருவ வேண்டும், யார் துருவியிருப்பார்கள், அவர்கள் எப்போது சாப்பிட்டிருப்பார்கள்? இந்த மூன்றாவது கேள்வியை மகளே கேட்டால் விட்டுவிடாதீர்கள். அரண்மனையில் அந்த ஆட்களின் பெயர் எந்தப் பலகையிலும் இருக்காது.

பட்டாளத்தில் சேர வந்தவன் 38 கிலோ கல்லை 101 முறை தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்லும் கல்லையும் கட்டாயம் காட்டுங்கள். மகள் எடை என்ன, கல்லின் எடை என்ன? அவ்வளவு போதும். மீதி மாளிகைகளை அடுத்த தடவை பார்க்கலாம். எல்லா அறையையும் பார்த்தால்தான் டிக்கெட் காசு சீரணிக்கும் என்ற எண்ணம் நம்மிடம்தான் இருக்கிறது, பிள்ளைகளிடம் இல்லை.

என் மகன் கேட்கிறான், அரண்மனை தக்கலைப் பக்கம், நம் குமரி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் கேரள அரசு போர்டு ஏன் மாட்டியிருக்கிறது என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
— வாசகர், குழித்துறை

நல்ல கேள்வி. போர்டைப் படிக்கிற பிள்ளை, விட்டுவிடாதீர்கள். திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தலைநகரமே ஒரு காலத்தில் இதுதான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. பிறகு 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நாலு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நிலம் இந்தப் பக்கம் வந்தது, அரண்மனை நிர்வாகம் கேரளத்தின் தொல்லியல் துறையிடமே தங்கிவிட்டது. அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் அது சும்மா சேர்ந்ததில்லை என்பதையும் சொல்லுங்கள். மார்ஷல் நேசமணி நடத்திய போராட்டம், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூடு, இதெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது கேள்வி ஞானமாக இருக்கும். மகனை அவர்களிடம் கேட்க விடுங்கள். பாறசாலைப் பக்கம் சித்தி வீடும் இந்தப் பக்கம் மாமா வீடுமாக இருக்கும் குடும்பத்தில் இதைப் புரியவைக்க வரைபடம் தேவையில்லை.

அம்மைக்கு எழுபது தாண்டிவிட்டது, முட்டு வலி வேறு. பத்மநாபபுரம் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. ஏணிப்படி செங்குத்து என்கிறார்களே, கூட்டிப் போகலாமா?
— வாசகி, நாகர்கோவில்

தாராளமாக. மாடி ஏறாமலே பார்க்க நிறைய இருக்கிறது. ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் வண்ண மைக்கா ஜன்னலும், உப்பரிகை மாளிகையில் டச்சுக்காரர்கள் கொடுத்ததாகச் சொல்லும் 64 வகை மூலிகை மரக் கட்டிலும் மேலே இருப்பவை, அதை விட்டுவிடலாம். அங்கே படி நெட்டுக்குத்து, குறுகல், இறங்கும்போதுதான் முட்டுக்கு வேலை. பூமுகம், ஊட்டுபுரையின் கீழ்த்தளம், நவராத்திரி மண்டபம், தாய்க்கொட்டாரம், இது போதும்.

தாய்க்கொட்டாரம்தான் அரண்மனையிலேயே பழைய பகுதி. நடுவில் முற்றம் வைத்த நாலுகெட்டு. அங்கே போனதும் நீங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள், அம்மை பேசட்டும். ஓட்டு வீட்டிலும் திண்ணையிலும் பிறந்து வளர்ந்தவர் என்றால் பத்தாயம், உறி, மழைத்தண்ணீர் விழும் முற்றம் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கும், எந்த மச்சுக்கு அடியில் நெல் வைப்பார்கள், எந்த அறைக்குள் பெண்கள் மட்டும் போவார்கள் என்பதையெல்லாம் நீங்கள் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்பீர்கள். நவராத்திரி மண்டபத்தில் அரண்மனைப் பெண்கள் மரத் தடுப்புக்குப் பின்னால் இருந்துதான் கச்சேரியும் ஆட்டமும் பார்த்திருக்கிறார்கள். அதைப் பற்றி அம்மை என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

திங்கள்கிழமை விடுமுறை, மறந்துவிட வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள், வெறுங்காலோடு நடக்கும்போது மத்தியான வெயிலில் முற்றத்துக் கல் சுட்டுவிடும்.

பத்மநாபபுரம் பார்த்தாயிற்று அண்ணாச்சி. பையனோடு ரயிலில் போய் ஒரே நாளில் திரும்பும்படி வேறு ஏதாவது?
— வாசகர், இரணியல்

திருவனந்தபுரத்தில் குதிரைமாளிகை. கிழக்கே கோட்டைக்குள்ளே, பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்திலேயே. திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் கட்டியது, பரதநாட்டியத்துக்குப் பேர்போன தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களில் ஒருவரான வடிவேலு இருந்த சபை அவருடையது. கூரைக்கு அடியில் வரிசையாக 122 மரக் குதிரைகள். பையன் எண்ணட்டும், நீங்கள் திண்ணையில் உட்காருங்கள். பக்கத்தில் மேத்தன் மணி என்று ஒரு பழைய கடிகாரம், மணி அடிக்கும்போது தாடிக்காரன் வாய் திறப்பான், இரண்டு ஆட்டுக்கடா அவன் கன்னத்தில் முட்டும். ஒரு மணி அடித்து முடிந்ததும் அடுத்த மணி வரை நிற்கலாம் என்று பையன் அடம்பிடிப்பான், கையில் கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். இங்கேயும் திங்கள் விடுமுறை.

பார்த்துவிட்டு வந்து பிள்ளையை ஒரு பக்கம் எழுதச் சொல்லலாமா?
— ஆசிரியர், செங்கோட்டை

வேண்டாம் சார். பள்ளிக்கூடத்தில் எழுதுவது போதாதா? வேண்டுமானால் அந்த வீட்டில் எந்த அறையைத் தனக்கு எடுத்துக்கொள்வான் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.