சில நேரம் மட்டும் மக்கர் செய்யும் வண்டி: சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றில் ஒரே புகார்தான்: வண்டி ‘சில நேரம்’ ஸ்டார்ட் ஆவதில்லை. ஒரேயடியாகப் படுத்துவிட்ட வண்டியைச் சரிசெய்வது சுலபம். ஒர்க்‌ஷாப் வாசலுக்கு வந்ததும் நல்ல பிள்ளையாக ஒரே கிக்கில் கிளம்பும் வண்டிதான் மெக்கானிக்கைப் படுத்தி எடுக்கும். எனவே எழுதும்போது எப்போது மக்கர் செய்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காலையிலா, சூட்டிலா, மழையிலா, மலை ஏறிய பிறகா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அண்ணா, எட்டு வருடமான 100 சிசி கார்புரேட்டர் வண்டி. காலையில் அம்மாப்பேட்டையில் கிளம்பும்போது ஒரு தொந்தரவும் இல்லை. மதிய வெயிலில் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் என்று கடை கடையாகச் சுற்றிவிட்டு நிறுத்தினால் அப்புறம் கிளம்பாது. கொஞ்ச நேரம் விட்டால் தானாகச் சரியாகிவிடுகிறது. பிளக் மாற்றியாகிவிட்டது, கார்புரேட்டர் கழுவியாகிவிட்டது. பலன் இல்லை.

சூட்டில் கிளம்பாது, ஆறினால் கிளம்பும் என்றால் வண்டி ஆறிய பிறகு சோதிப்பதில் பிரயோஜனமில்லை. கிளம்பாமல் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் பார்த்தாக வேண்டும்.

முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, ஒரு நிமிடத்தில் வண்டி கிளம்பினால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்கில் பெட்ரோல் இருந்தும் கார்புரேட்டருக்கு இறங்காது. ஒரு பின் ஊசியில் தீர்ந்துபோகிற வேலை. இதைப் பார்க்காமலே கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

அது இல்லையென்றால் கரன்ட். சீட்டுக்கு அடியில் ஒரு நல்ல பிளக்கை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நின்றதும் இன்ஜினில் இருக்கும் பிளக்கைக் கழற்றாமல், அதன் கேப்பை மட்டும் உருவி இந்தப் பிளக்கில் மாட்டுங்கள். ரப்பர் கேப்பைப் பிடித்துக்கொண்டு, பிளக்கின் இரும்பு உடம்பை இன்ஜின் மேல் வரிவரியாக இருக்கும் ஃபின்னில் ஒட்டவைத்து ஒரு கிக் அடியுங்கள். பழைய பிளக் அதன் ஓட்டையிலேயே இருப்பதால் பெட்ரோல் ஆவி வெளியே வந்து பற்றிக்கொள்ளும் பயம் இல்லை. நீலமாக, ‘டக்’கென்று சத்தத்தோடு பொறி வந்தால் கரன்ட் சரி. மஞ்சளாக இழை மாதிரி வந்தாலோ, வராவிட்டாலோ பொறிக்கு உயர் வோல்ட் தரும் இக்னிஷன் காயில், பொறி விடும் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில், அதைக் கேட்டுப் பொறியை விடும் சிடிஐ பெட்டி, இந்த மூன்றில் ஒன்று. உங்கள் வண்டி ஆறியதும் சரியாகிவிடுவதால் எனக்குப் பல்சர் காயில் மேல்தான் முதல் சந்தேகம். உள்ளே மயிரிழைச் செம்புக் கம்பி எங்காவது விட்டிருக்கும். சூட்டில் விரிந்தால் தொடர்பு அறும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். ஆறிய நிலையில் மீட்டர் வைத்தால் அளவு சரியாகவே காட்டும். சூட்டோடு சூடாக அளக்கச் சொல்லுங்கள்.

பெட்ரோலும் வருகிறது, பொறியும் வருகிறது, ஆனாலும் கிளம்பவில்லை என்றால் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் லூசாக இறங்கினால் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சிறு இடைவெளி, குறைந்திருக்கலாம். சூட்டில் வால்வு நீண்டு, முழுதாக மூடாமல், கம்ப்ரஷன் கசிந்துவிடும். கடகடவென்று சத்தம் போடும் டேப்பெட்டைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். எனக்குச் சத்தமே போடாத டேப்பெட்டைக் கண்டால்தான் பயம். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, கம்பெனி சொல்லும் அளவில் ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடு வைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். காதால் கேட்டு அல்ல.

ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் எஸ்டேட்டில் வேலை. திங்கள் காலை சேலத்திலிருந்து பைக்கில் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவேன். கீழே வீட்டில் அரைக் கிக் போதும். மேலே, பனிமூட்டத்தில் சோக் போட்டு எத்தனை தடவை மிதித்தாலும் வருவதில்லை. பெட்ரோல் வாசனை மட்டும் குப்பென்று அடிக்கிறது. பனி பிளக்குக்குள் இறங்கிவிடுமா சார்?

பனி பிளக்குக்குள் இறங்காது. பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, அதுதான் விடை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் கூட இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. சேலத்துக்கு விட்ட அதே ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) வழியாகத்தான் பெட்ரோல் விடும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். அதற்கு மேல் நீங்கள் சோக்கைப் போட்டு இருக்கிற காற்றையும் அடைக்கிறீர்கள். பிளக் நனைந்து வண்டி மூச்சு முட்டுகிறது.

குளிரில் முதல் கிக் இரண்டுக்குச் சோக் தேவைதான். அதற்கு மேல் வேண்டாம். அதில் வரவில்லையென்றால் சோக்கை எடுத்துவிட்டு, பெட்ரோல் டேப்பை மூடி, ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு கிக் அடியுங்கள். தேங்கிய பெட்ரோல் வெளியேறி, ‘பட் பட்’டென்று இழுத்து, பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு டேப்பைத் திறங்கள். அப்படியும் வரவில்லையென்றால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள். ஏர் ஃபில்டரையும் பாருங்கள். அதில் தூசி அடைத்திருந்தால் இதே தொல்லை இரட்டிப்பாகும்.

யாராவது ‘ஜெட்டைச் சின்னதாக மாற்றிவிடலாம்’ என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். வருடம் முழுக்க மலையிலேயே ஓடும் வண்டிக்கு அது சரி. நீங்கள் வாராவாரம் இறங்குகிறீர்கள். சேலம் வெயிலில் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறும். கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கு இந்தப் பிரச்னை இல்லை, காற்றழுத்தத்தைக் கணக்கிட்டு அவையே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும்.

ஏற்காடு இறக்கத்தில் வளைவில் மண் சறுக்கி வண்டி சாய்ந்துவிட்டது. அடி ஒன்றும் இல்லை. தூக்கி நிறுத்தி செல்ஃப் அடித்தால் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த இன்ஜெக்‌ஷன்) வண்டி. வேனில் ஏற்றிக் கீழே கொண்டுபோனோம். அங்கே சாவி போட்டதும் கிளம்பிவிட்டது! இது என்ன மாயம்?

மாயமெல்லாம் இல்லை, வேன் வாடகைதான் வீண். இந்த வண்டிகளில் சாய்வு சென்சார் ஒன்று இருக்கிறது. வண்டி விழுந்தால் பெட்ரோல் பம்ப்பையும் கரன்ட்டையும் நிறுத்திவிடும், தீப்பிடிக்காமல் இருக்க. நிமிர்த்திய பிறகு சாவியை ஒருமுறை முழுதாக ஆஃப் செய்து, சில நொடி விட்டு மறுபடி ஆன் செய்தால்தான் அது விலகும். நீங்கள் கீழே போய்ச் சாவி போட்டபோது நடந்தது அதுதான். ஆன் செய்ததும் டேங்கிலிருந்து பம்ப் ‘ங்ங்’ என்று இரண்டு மூன்று நொடி ஓடுவது கேட்க வேண்டும். கேட்டபிறகு செல்ஃப் அடியுங்கள். விழும்போது கை பட்டு, இன்ஜினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் மாறியிருக்கிறதா, சைடு ஸ்டாண்டு முழுதாக மடங்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிரேக் லீவர் வளைந்திருந்தால் அப்படியே இறக்கத்தில் ஓட்ட வேண்டாம்.

பையனுடைய 150 சிசி வண்டி, கிக்கர் கிடையாது. திங்கட்கிழமை காலையில் மட்டும் செல்ஃப் ‘டக் டக்’ என்கிறது. மற்ற நாட்களில் ஒழுங்காகக் கிளம்புகிறது. பேட்டரி மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது. — அஸ்தம்பட்டி

சனி, ஞாயிறு வண்டி நிற்கிறது, திங்கள் பேட்டரி இறங்கியிருக்கிறது. சாவி ஆஃபில் இருக்கும்போதும் ஏதோ ஒன்று கரன்ட்டைக் குடிக்கிறது. பையன் கூடுதல் லைட், மொபைல் சார்ஜர், ஜிபிஎஸ் என்று எதையாவது நேராகப் பேட்டரியில் கொடுத்திருக்கிறானா என்று கேளுங்கள். ‘இல்லை’ என்பான். சீட்டைத் திறந்து நீங்களே பாருங்கள்.

அப்படியே டெர்மினல்களையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிவிட்டு மீட்டர் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்ல பேட்டரி, 12.2-க்குக் கீழே என்றால் பாதி காலி. செல்ஃப் அழுத்தும்போது பத்துக்குக் கீழே விழுந்தால் அதில் தெம்பில்லை. வண்டி ஓடும்போது லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.5-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கோளாறு சார்ஜிங்கில். எத்தனை பேட்டரி மாற்றினாலும் பணம்தான் போகும்.

வாட்டர் வாஷ் விட்ட அன்றும், மழையில் நனைந்த அன்றும் மட்டும் கிளம்புவதில்லை. — சூரமங்கலம்

பிளக் கேப் அல்லது பிளக் வயரில் விரிசல். அடுத்த தடவை இருட்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து, வயர் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீலப் பொறி வயரிலிருந்து இன்ஜினுக்குத் தாவுவது கண்ணுக்கே தெரியும். கேப்பை மாற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது அதைத் தொட்டுவிடாதீர்கள், கையை உதறவைத்துவிடும்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை ஆஃப் செய்து, நியூட்ரலில் விட்டு வருவேன். ஹெட்லைட்டுக்காகச் சாவி ஆனில்தான் இருக்கும். அடிவாரம் வந்ததும் சில நாள் செல்ஃப் எடுப்பதில்லை.

இன்ஜின் ஓடாமல் லைட் எரிந்தால் பேட்டரி இறங்கத்தான் செய்யும். ஆனால் எனக்குக் கவலை பேட்டரி பற்றி இல்லை. அவ்வளவு தூரமும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிமானம் போய்விடும். இரண்டாவது கியரில், இன்ஜினை ஓடவிட்டு இறங்குங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் ஆக்சிலேட்டரை விட்டுக் கியரில் இறங்கும்போது பெட்ரோலை அதுவே பெரும்பாலும் நிறுத்திவிடுகிறது. நீங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைப்பது ஒரு டீக் காசு கூடத் தேறாது.