மருத்துவர்களுக்கு வரும் எச்சரிக்கைச் சுற்றறிக்கையால் பயன் உண்டா?

எங்கோ ஒரு நாட்டில் நோய் பரவுவதைப் பற்றி மருத்துவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவது வெறும் சடங்குதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தவன் நான். அப்படி வந்த தாள்களில் பாதி, பணி அட்டவணைக்கு அடியில் குத்தப்பட்டு மறக்கப்பட்டதைக் கண்டிருக்கிறேன். ஆனாலும் பயன் உண்டு என்றே சொல்வேன்.

2003 மார்ச் 7 அன்று, ஹாங்காங் சென்று திரும்பியிருந்த ஒருவர் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாகக் கனடாவின் வான்கூவர் பொது மருத்துவமனைக்கு வந்தார். சில நிமிடங்களிலேயே அவரைத் தனிமைப்படுத்தி, முகக்கவசம் அணிந்தே சிகிச்சை அளித்தார்கள். அதே நாளில் டொராண்டோவின் ஸ்கார்பரோ கிரேஸ் மருத்துவமனைக்கு வந்த மற்றொருவர், அவசர சிகிச்சைப் பிரிவின் பொது இடத்திலேயே ஏறத்தாழ 18 மணி நேரம் கிடத்தப்பட்டு, மருந்தை ஆவியாகச் சுவாசித்துக்கொண்டிருந்தார். அருகில் படுத்திருந்த நோயாளிக்கும் நோய் தொற்றியது. இருவருக்கும் வந்திருந்தது, அப்போது பெயர்கூட வைக்கப்படாத சார்ஸ் என்ற கடுமையான மூச்சுத் தொற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் எச்சரிக்கை மார்ச் 12 அன்றுதான் வெளிவந்தது. வான்கூவரில் நோய் பெரிதாகப் பரவவில்லை. டொராண்டோ பகுதியில் 44 பேர் இறந்தார்கள்.

வான்கூவர் மருத்துவர்கள் விழிப்பாக இருந்ததற்குக் காரணம், அந்நகரம் அமைந்துள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிப்ரவரியிலேயே மருத்துவமனைகளுக்கு அனுப்பியிருந்த எச்சரிக்கை. வேடிக்கை என்னவென்றால், அது சார்ஸைப் பற்றியதே அன்று. ஹாங்காங்கில் தென்பட்ட பறவைக் காய்ச்சலைப் பற்றியது. கிருமியின் பெயர் தவறாக இருந்தும், அந்தப் பகுதியிலிருந்து காய்ச்சலோடு வருபவரை முதலில் பிரித்து வையுங்கள் என்ற செய்தி சரியாகவே வேலை செய்தது. ஆகவே சுற்றறிக்கையில் நோயின் வரலாறு இரண்டு பக்கம் இருப்பதைவிட, நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வியும் உடனே செய்ய வேண்டிய செயலும் முதல் இரண்டு வரிகளில் இருப்பதே முக்கியம் என்று கருதுகிறேன்.

டொராண்டோ மருத்துவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. அங்கு வந்தவர் வெளிநாடு சென்றவரே அல்லர். ஹாங்காங் சென்று திரும்பிய அவருடைய தாய், இரண்டு நாள் முன்புதான் வீட்டில் இறந்திருந்தார். "வெளிநாடு போனீர்களா?" என்று கேட்டிருந்தால், இல்லை என்ற உண்மையான விடையே கிடைத்திருக்கும்.

இந்த நிகழ்வைப் படித்த பிறகு, எங்கள் பிரிவில் காய்ச்சலோடு வருபவர்களின் புறநோயாளிச் சீட்டில் "உங்கள் வீட்டில் யாராவது அண்மையில் வெளிநாடு சென்று வந்தார்களா, அவர்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்ற ரப்பர் முத்திரையைக் குத்த ஏற்பாடு செய்தோம். அதன் எதிரே விடை எழுதாமல் செவிலியர் சீட்டை என்னிடம் நீட்டுவதில்லை.