ஓஹியோ கடற்படைப் பட்டியலில் கிடைக்காது

இரண்டாம் உலகப்போரில் மத்தியதரைக் கடல் தீவான மால்டாவுக்கு எண்ணெய் கொண்டுபோன ஓஹியோ கப்பலைப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் பட்டியலில் தேடிக் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அங்கே இருக்காதுங்க. அது கடைசிவரை வணிகக் கப்பல்தான். 1940இல் அமெரிக்காவில் டெக்சாகோ எண்ணெய் நிறுவனத்துக்காகக் கட்டியது. 1942இல் பிரிட்டன் போருக்கு எடுத்துக்கொண்டது. நடத்தியது ஈகிள் ஆயில் நிறுவனம். அந்த நிறுவனத்தின் பெயரில் தேடுங்கள்.

1942 ஆகஸ்டில் அது மால்டாவுக்குப் போன பயணத்தை நினைத்தாலே மனசு பதறும். டார்பிடோ துளைத்தது, மேல்தளத்தில் விமானமே விழுந்தது. கடைசியில் இருபுறமும் டெஸ்ட்ராயர் போர்க்கப்பல்களைக் கயிற்றால் கட்டி, மூழ்காமல் தாங்கியபடி 15ஆம் தேதி துறைமுகத்துக்குள் கொண்டுவந்தார்கள். கேப்டன் டட்லி மேசனுக்கு பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. கப்பல் பிறகு இரண்டாக உடைந்தது. 1946இல் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

நீங்கள் செய்யும் கப்பல் மாடலுக்கு எந்தக் கொடி என்று கேட்டீர்களே: பிரிட்டிஷ் கடற்படையின் வெள்ளைக் கொடி வேண்டாம், வணிகக் கப்பலுக்குரிய சிவப்புக் கொடியே சரி.