கரிக்காத உப்பு: கிணற்றுத் தண்ணீர் கேள்வி பதில்

தண்ணீரில் கரைந்து ஓடுகிற, எளிதில் அழியாத வேதிப்பொருள்களைப் பற்றிக் கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

தங்கச்சிமடம்: எங்கள் கிணறு மணலில்தான் இருக்கிறது. மணலே வடிகட்டிவிடாதா அண்ணே?

கலங்கலை வடிகட்டும், கிருமியையும் ஓரளவு குறைக்கும். ஆனால் இந்த வேதிப்பொருள்களை நிறுத்தாது. நம் ஊர் உப்பை நினைத்துக்கொள்ளுங்கள் அக்கா. அது மணலில் ஒட்டாது, மக்காது, தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போகும். இவையும் அப்படித்தான். ஆனால் உப்பு கரித்துக் காட்டிக்கொடுத்துவிடும், இவை நாக்குக்குத் தெரியாது.

உங்கள் தீவில் இன்னொரு சங்கடமும் உண்டு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். அதை விட்டால் வேறு ஊற்று இல்லை. நடுவில் தடுக்கக் களிமண்ணும் இல்லாத இடத்தில், கொல்லையில் ஊற்றுவது நேரே அதில்தான் சேரும். எனக்குப் பயமே இதுதான்.

கீழக்கரை: எந்தெந்தப் பொருள்கள் என்று பெயர் சொல்லுங்களேன்.

முதலில் பிஃபாஸ் என்கிற புளோரின் சேர்மங்கள். ஒட்டாத தவா, தண்ணீர் ஒட்டாத துணி, ஒருவகைத் தீயணைப்பு நுரை எல்லாவற்றிலும் பயன்பட்டவை. இவற்றில் ஒன்றான பிஎஃப்ஓஏவுக்கு அமெரிக்கா 2024இல் வைத்த வரம்பு, லிட்டருக்கு 4 நானோகிராம். கிராமில் நூறு கோடியில் 4 பங்கு! அப்புறம் 1,4-டையாக்சேன் என்ற கரைப்பான். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இப்படி அழியாமல் ஓடும் நச்சுப் பொருள்களுக்கென்றே தனி ஆபத்து வகுப்பை ஏற்படுத்தியது.

சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பும் இதேபோல ஓடும். அதை விஷம் என்று சொல்ல வரவில்லை. உடம்பில் பெரும்பாலும் செரிக்காமல் வெளியேறுவதால், கிணற்றில் அது தென்பட்டால் கழிவுநீர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மண்டபம்: டிடிஎஸ் மீட்டர் 300தான் காட்டுகிறது. கொதிக்க வைத்தும் குடிக்கிறோம். போதாதா சார்?

மீட்டர் உப்பைத்தான் அளக்கும் தம்பி, இவ்வளவு நுண்ணிய அளவு அதற்குப் பிடிபடாது. கொதிக்க வைப்பது கிருமிக்கு நல்லது, அதை விடாதீர்கள். ஆனால் பிஃபாஸ் போகாது. தண்ணீர் வற்ற வற்றக் கொஞ்சம் செறியவே செய்யும்.

சாயல்குடி: அப்படியானால் வீட்டுக்கு வீடு ஆர்ஓ போட்டுவிடலாமா?

ஆர்ஓ சவ்வு பிஃபாஸில் பெரும்பகுதியைப் பிடிக்கும். வெறும் கரி வடிகட்டியில் சின்ன மூலக்கூறுகள் நழுவிவிடும். சரி, பிடித்தது எங்கே போகிறது? கழிவுக் குழாய் வழியாகக் கொல்லைக்கு, அங்கிருந்து அதே மணலுக்கு, முன்னைவிடச் செறிவாக. காவிரிக் குழாயில் நல்ல தண்ணீர் வருகிற வீட்டில் ஆர்ஓ வேண்டாம் என்பேன். தவிர்க்க முடியாவிட்டால், கழிவு நீரைக் கிணற்றடியில் மட்டும் விடாதீர்கள்.

தொண்டி: எங்கள் ஊரணியை எப்படிக் காப்பது?

வரத்துக் கால்வாயிலிருந்து தொடங்குங்கள். மருந்து தெளிக்கும் கேனை அதில் கழுவக் கூடாது, குப்பையைக் கரையில் எரிக்கக் கூடாது, வண்டிக் கழிவு எண்ணெயைக் கொட்டக் கூடாது. மார்ச் 22 கிராம சபையில் தீர்மானமாகவே போடுங்கள். அதில் ஊரணியின் பெயர், சர்வே எண், கால்வாய் எங்கே தொடங்குகிறது என்பது வரை எழுதச் சொல்லுங்கள். ‘நீர்நிலைகளைப் பாதுகாப்போம்’ என்று பொதுவாக எழுதினால், நாளைக்கு யாரிடமும் போய்க் கேட்க முடியாது.