பிள்ளைகளுக்கு மேல்தாடையை விரிப்பது என்றால் என்ன?

பாளையங்கோட்டையில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "எட்டு வயசுப் பொண்ணுக்கு மேல்தாடை குறுகலா இருக்காம், விரிக்கணுமாம். எலும்பை எப்படி விரிப்பாங்க?"

பயம் நியாயமானதுதான். ஆனால் எலும்பை உடைப்பதில்லை. மேல் அண்ணம் ஒரே எலும்பு அல்ல. இடமும் வலமுமாக இரண்டு பாதிகள், நடுவில் ஒரு பொருத்து. சிறு வயதில் அது இறுகியிருக்காது. மேல் கடைவாய்ப் பற்களில் மாட்டிய கருவியின் நடுவே சின்னத் திருகு இருக்கும். டாக்டர் சொன்ன கணக்கில் வீட்டிலேயே சாவியால் திருக வேண்டும். கால் சுற்றுக்குச் சுமார் 0.25 மில்லிமீட்டர் விரியும். பாதிகள் மெல்ல விலக, இடையில் புது எலும்பு வளரும். அது கெட்டிப்படத்தான் விரித்து முடித்த பிறகும் பல மாதம் கருவி வாயிலேயே இருக்கிறது. இதில் அவசரப்பட்டுக் கழற்றச் சொல்லாதீர்கள், தாடை மறுபடி குறுகிவிடும்.

காருகுறிச்சியில் பானை வனைவதைப் பார்த்திருப்பீர்கள். ஈர மண்ணின் வாயை விரலால் அகட்டலாம். சூளையில் வெந்தபின் முடியாது. பதின்பருவம் போகப்போகப் பொருத்து இறுகுவதும் அப்படியே. பெரியவர்களுக்குச் சில சமயம் அறுவை சிகிச்சையே தேவைப்படுகிறது.

விரிக்கும்போது முன்பற்கள் நடுவே சந்து விழுந்தால், "நல்ல பல்லைக் கெடுத்துட்டாங்க" என்று பலர் பதறுகிறார்கள்; அது தாடை விரிகிறது என்பதற்கான அடையாளம், பெரும்பாலும் பிறகு தானாகவே மூடிக்கொள்ளும்.