சுகர் மெஷின் வாங்கும் முன் ஸ்ட்ரிப் விலையைக் கேளுங்கள்: கேள்வி பதில்

பல வருடம் லேப்பில் ரத்தம் எடுத்தவள், இப்போது ஒரு சர்க்கரை கிளினிக்கில் நோயாளிகளுக்கு மெஷின் பார்க்கச் சொல்லித்தருகிறேன். டைப் 2 சர்க்கரைக்கு வீட்டில் வைத்துப் பார்க்கும் மெஷின் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். மாத்திரையைக் கூட்டட்டுமா குறைக்கட்டுமா என்று மட்டும் கேட்காதீர்கள், அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கும்பகோணம்: அக்கா, அப்பாவுக்குப் போன வாரம்தான் சர்க்கரை என்று சொன்னார்கள். எந்த மெஷின் நல்லது?

அக்யூ-செக், ஒன்டச், கான்டூர், டாக்டர் மோர்பென் என்று கடையில் கிடைக்கும் பெயர்பெற்ற மெஷின்களில் எதை வாங்கினாலும் வீட்டு உபயோகத்துக்குப் போதும். மெஷினுக்கு ஒரு தடவைதான் காசு கொடுக்கப் போகிறீர்கள், ஒவ்வொரு தடவையும் சொட்டு ரத்தம் வைக்கும் ஸ்ட்ரிப்புக்குக் காலம் முழுக்கக் கொடுக்கப் போகிறீர்கள். ஒரு ஸ்ட்ரிப் பத்து ரூபாய்க்கும் கிடைக்கிறது, இருபதைத் தாண்டியும் போகிறது. ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷினில் போகாது, ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். அதனால் முதலில் உங்கள் தெரு மருந்துக்கடையில் எந்த ஸ்ட்ரிப் எப்போதும் இருப்பு இருக்கிறது என்று கேளுங்கள், ஐம்பது ஸ்ட்ரிப் என்ன விலை என்று கேளுங்கள், அதற்குப் பொருந்தும் மெஷினை வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் ஐஎஸ்ஓ 15197:2013 என்று இருக்கிறதா பாருங்கள், மெஷின் எவ்வளவு சரியாகக் காட்ட வேண்டும் என்பதற்கான சர்வதேச விதி அது. அப்பாவுக்குக் கண் மங்கல் என்றால் எண் பெரிதாகத் தெரிகிற மெஷின், கை நடுங்கினால் கொஞ்சம் அகலமான ஸ்ட்ரிப். ப்ளூடூத், ஆப் எல்லாம் இருந்தால் சரி, அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டாம்.

அப்புறம் ஒன்று, இதை இன்னும் பல தடவை சொல்லப்போகிறேன்: ஸ்ட்ரிப்பை எடுத்தவுடன் டப்பாவின் மூடியை மூடுங்கள். அந்த டப்பாவுக்குள்ளேயே ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள். திறந்து வைத்துவிட்டு விரல் குத்தி, ரத்தம் வைத்து, நோட்டில் எழுதி முடித்து அப்புறம் மூடினால் மீதி ஸ்ட்ரிப்பெல்லாம் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும்.

தேனி: லேப்பில் வெறும் வயிற்றில் 132. வீட்டுக்கு வந்து பார்த்தால் மெஷினில் 148. மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா மேடம்?

வேண்டாம். அந்த ஐஎஸ்ஓ விதி சொல்வதே இதுதான்: 100-க்கு மேல் இருந்தால் லேப் எண்ணிலிருந்து 15 சதவீதம் வரை, 100-க்குக் கீழே இருந்தால் 15 புள்ளி வரை முன்னே பின்னே போகலாம், நூற்றில் 95 தடவையாவது இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். 132-க்கு 15 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 20. உங்கள் 148 அதற்குள்தான் இருக்கிறது.

லேப் எண்ணும் கல்வெட்டு இல்லை. குழாயில் எடுத்த ரத்தத்தில் செல்கள் உயிரோடுதான் இருக்கும், அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிரித்தெடுக்காமல் சும்மா வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை எண் இறங்கும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடி போட்ட ஃப்ளோரைடு குழாயில் எடுக்கிறோம், அதுவும் உடனே வேலை செய்வதில்லை, முழுசாக நிறுத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை ஏழு மணிக்கு வீட்டில் வந்து எடுத்த ரத்தம் பத்து மணிக்கு லேப் போய்ச் சேர்ந்தால் அந்த எண்ணிலும் குறை உண்டு.

ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் மெஷினை லேப்புக்கே எடுத்துப் போங்கள். வெறும் வயிற்றில், கையில் ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்திப் பாருங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிடாதீர்கள், அப்போது விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை நரம்பு ரத்தத்தைவிட அதிகமாகவே இருக்கும், இருபது புள்ளிக்கு மேல்கூட. இரண்டு மெஷின் வாங்கி ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், நிம்மதி போவதுதான் மிச்சம்.

யாழ்ப்பாணம்: அம்மாவுக்குச் சலரோகம். தம்பி கனடாவில இருந்து அனுப்பின மெஷின் 7.8 எண்டு காட்டுது. பழுதாப் போச்சோ?

பழுது இல்லை. கனடாவில் மில்லிமோல் அளவில் காட்டும். 18-ஆல் பெருக்குங்கள், நம் மில்லிகிராம் கணக்கில் 140 வரும். மலேசியா, சிங்கப்பூர், இங்கிலாந்து மெஷினும் அப்படித்தான். ஆனால் அந்த ஸ்ட்ரிப் உங்களுக்கு அங்கே கிடைக்குமா என்று பாருங்கள். தம்பி பார்சல் அனுப்பினால்தான் டெஸ்ட் என்ற நிலை வேண்டாம், அங்கேயே ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஓசூர்: எந்த பிராண்டு பெஸ்ட்?

கும்பகோணத்துக்குச் சொன்னதேதான்.

திருநெல்வேலி: மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு விரல் குத்தினேன், 240 வந்தது. பயந்துபோய்த் திரும்பப் பார்த்தால் 136. இரண்டில் எது உண்மை?

நடுவில் கை கழுவியிருப்பீர்கள். இரண்டாவதுதான் உண்மை. ஒரு சொட்டு ரத்தம் என்பது ரொம்பச் சின்ன அளவு, விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறு துளி போதும் எண்ணைத் தூக்கிவிட. ஜப்பானில் இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்டிருக்கிறார்கள்: பழத்தை உரித்த கையை ஆல்கஹால் பஞ்சால் துடைத்தும்கூட எண் பொய்யாக ஏறியது, தண்ணீரில் கழுவினால் சரியாகிவிட்டது. அதனால் ஸ்பிரிட் பஞ்சை நம்பாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ரத்தம் வரவில்லை என்று விரலை நசுக்க வேண்டாம், தசை நீரும் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு உதறினால் வரும்.

கோயம்புத்தூர்: மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த மெஷினே தேவையில்லை. இங்கிலாந்தில் இன்சுலின் போடாதவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதே இல்லை. நீங்கள் ஏன் எல்லோரையும் வாங்க வைக்கிறீர்கள்?

நல்ல கேள்வி, பாதி ஒத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் வழிகாட்டுதல் நீங்கள் சொல்கிறபடிதான், ஆனால் அதில் விலக்குகளும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள், லோ சுகர் வரக்கூடிய மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் பார்க்கத்தான் வேண்டும். நம் ஊரில் அந்த மாத்திரைகள் சாதாரணம். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு இரண்டும் லோ சுகர் வரவைக்கும், மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த ஒரே மாத்திரையை விழுங்கிக்கொண்டு "நான் மெட்ஃபார்மின் மட்டும்தான்" என்று சொல்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அட்டையைத் திருப்பி முழுப்பெயரையும் படியுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும்தான் என்றால் தினமும் குத்தத் தேவையில்லை. அமெரிக்காவில் வட கரோலினாவில் 450 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2017-இல் வந்தது. இன்சுலின் போடாதவர்கள் தினம் ஒரு தடவை பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் ஒரு வருட முடிவில் எச்பிஏ1சி-யில், அதாவது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்த டெஸ்ட்டில், வித்தியாசம் இல்லை.

மதுரை (நடுவில் வந்தவர்): மெஷினைப் பார்த்துத்தான் வெண்பொங்கல் எனக்கு ஆகாது என்று தெரிந்தது. தேவையில்லை என்று சொல்பவர் என் உடம்பில் வாழ்ந்து பார்க்கட்டும்.

கோயம்புத்தூர்: ஒருவரின் பொங்கல் ஆதாரம் ஆகாது.

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். அந்த வட கரோலினா ஆய்வில் சோதித்தது தினம் ஒரு குத்து. மதுரைக்காரர் செய்தது வேறு: சாப்பிடும் முன் ஒன்று, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று, இரண்டையும் கழித்துப் பார்த்து, தட்டை மாற்றினார். இப்படித் திட்டம் போட்டுப் பார்ப்பதற்கும் ஆய்வு இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, டாக்டரைப் பார்க்கப்போகும் முன் மூன்று நாள், நாளுக்கு ஏழு வேளை பார்த்து அதை டாக்டரோடு உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஒரு வருடத்தில் எச்பிஏ1சி 1.2 குறைந்தது, சாதாரணமாகக் கவனித்தவர்களுக்கு 0.9. வித்தியாசம் 0.3 தான், பெரிய எண் இல்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஒரு மீட்டர் கம்பெனி என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், கோயம்புத்தூர்க்காரர் அதைக் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

என் எண்ணம் இது. எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் செய்யப் போவதில்லை என்றால் குத்தாதீர்கள், விரலும் காசும் மிச்சம். வருடக்கணக்காக காலை வெறும் வயிற்று எண்ணை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார்கள், எல்லாம் 110, 115. எச்பிஏ1சி எடுத்தால் 8.5. மதியச் சோற்றுக்குப் பிறகு என்ன ஆகிறது என்று ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. இந்த வாரம் இட்லிக்கு ஒரு ஜோடி, அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு ஜோடி, அப்புறம் ராத்திரி தோசைக்கு, சாப்பிட்டுவிட்டு இருபது நிமிடம் நடந்த நாளுக்கு ஒன்று. மாதத்துக்குப் பத்து ஸ்ட்ரிப் கூட ஆகாது. மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு இதைத்தான் சொல்லித்தருகிறேன்.

கோயம்புத்தூர்: இப்படி என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சேலம்: எது பெஸ்ட் மெஷின்? விலை குறைவா சொல்லுங்க.

மேலே படியுங்கள், முதல் பதில். மூடியையும் மூடுங்கள்.

சென்னை: கையில் கட்டும் வாட்ச் குத்தாமலேயே சர்க்கரை காட்டுகிறது என்று ஆன்லைனில் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். குத்தாமல் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. மேல்கையின் பின்புறம் ஒட்டும் சென்சார் வேறு, அதில் தோலுக்கடியில் மெல்லிய இழை போகும், அது உண்மையான கருவி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேலூர்: அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7. மெஷினை நம்பலாமா?

ரத்தம் குறைவாக இருந்தால் பெரும்பாலான மெஷின்கள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். லோ சுகர் வந்திருக்கும்போது எண் நன்றாகத் தெரியும், அதுதான் ஆபத்து. இரும்புச் சத்துக் குறைவு என்றால் எச்பிஏ1சி-யும் பொய்யாக ஏறி நிற்கும். லேப்பில் நரம்பு ரத்தம் கொடுத்துப் பாருங்கள், ரத்தசோகைக்கு முதலில் வைத்தியம் பாருங்கள்.

திருச்சி: அப்பாவுக்கு வயிற்று வழியாக டயாலிசிஸ். எந்த மெஷின்?

கடையில் கேட்டு வாங்காதீர்கள். டயாலிசிஸ் திரவத்தில் ஐகோடெக்ஸ்ட்ரின் இருந்தால் அது உடம்பில் மால்டோஸ் என்ற வேறு சர்க்கரையாக மாறும், ஜிடிஎச்-பிகியூகியூ வகை ஸ்ட்ரிப் மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணிவிடும். பொய்யான உயர்ந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டு, 1997-லிருந்து 2009 வரை 13 சாவுகள் எஃப்டிஏவுக்குத் தெரிய வந்தன. சிறுநீரக டாக்டரிடம் மெஷின் மாடல் பெயரைச் சொல்லி, சரி என்று சொன்ன பிறகு வாங்குங்கள். இதை இன்றைக்கே கேளுங்கள்.

தஞ்சாவூர்: சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப் மலிவாச்சே?

ரத்தத்தில் 180 வாக்கில் தாண்டினால்தான் சிறுநீரில் வரும், லோ சுகரைக் காட்டவே காட்டாது. சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும் டபாகிளிஃப்ளோசின் மாத்திரை எடுத்தால் எப்போதுமே பாசிட்டிவ். வேண்டாம்.

ராமநாதபுரம்: ஸ்ட்ரிப்பை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? வெயில் தாங்கலை.

கூடாது, வெளியே எடுத்ததும் ஈரம் பூக்கும். பெரும்பாலான ஸ்ட்ரிப்புக்கு 30 டிகிரிக்குக் கீழே என்று போட்டிருக்கும், அதனால் வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், அலமாரிக்குள் வையுங்கள். பைக் பெட்டியிலும் காரிலும் விடாதீர்கள். திறந்த தேதியைப் பேனாவால் டப்பாவில் எழுதுங்கள், திறந்த பின் எத்தனை மாதம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மூடி.

ஈரோடு: பெஸ்ட் பிராண்டு எது மேடம்?

இதற்கு இனிமேல் பதில் கிடையாது.

நாகர்கோவில்: வீட்டில் நானும் கணவரும் சர்க்கரைக்காரர்கள். ஒரே மெஷின் போதுமா? குத்திய ஊசியை எங்கே போடுவது?

கம்பெனிகள் ஆளுக்கொரு மெஷின் என்றுதான் சொல்கின்றன, முடிந்தால் அப்படியே செய்யுங்கள். குத்தும் பேனாவும் ஊசியும் கட்டாயம் தனித்தனி, கணவன் மனைவியாக இருந்தாலும். ஹெப்படைட்டிஸ் பி இப்படிப் பரவியிருக்கிறது. ஊசியைக் குப்பைக் கவரில் அப்படியே போடாதீர்கள், அள்ளுகிற தூய்மைப் பணியாளரின் கையில் ஏறும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, முக்கால் நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, உங்கள் டாக்டரின் கிளினிக்கிலோ லேப்பிலோ கேளுங்கள், அவர்களுடைய மருத்துவக் கழிவோடு வாங்கிக்கொள்வார்களா என்று. எங்கள் கிளினிக்கில் வாங்கிக்கொள்கிறோம்.